மூன்றாம் பிறை ஏன் மேற்கே தெரிகிறது?



ஒரு கேள்வியோடு தொடங்குவோமா? நிலா எந்தத் திசையில் உதிக்கிறது?

"கிழக்கு!" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். சரியான விடைதான். சூரியனைப் போலவே நிலாவும் கிழக்கேதான் உதிக்கிறது.

இப்போது அடுத்த கேள்வி. அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் மாலை, வீட்டுப் பெரியவர்கள் மொட்டை மாடிக்குப் போய் மூன்றாம் பிறை பார்க்கிறார்களே, அவர்கள் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள்? மேற்குப் பக்கம்! கிழக்கே உதிக்க வேண்டிய நிலா மேற்கே எப்படி வந்தது?

வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் சிறிது நேரம் சத்தமே இருக்காது. பிறகு கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். "பிறை மட்டும் மேற்கே உதிக்கும் சார்!" வகுப்பே சிரிக்கும். ஆனால் சிரித்தவர்களுக்கும் விடை தெரிந்திருக்காது.

விடை இதுதான். அந்தப் பிறையும் கிழக்கேதான் உதித்தது. காலையில் சூரியன் உதித்து ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து உதித்தது. பகல் முழுவதும் சூரியனுக்குப் பின்னாலேயே வானத்தைக் கடந்து வந்தது. சூரியனின் கண்கூசும் ஒளியில் அந்த மெல்லிய பிறை நம் கண்ணில் படவில்லை. மாலையில் சூரியன் மறைந்த பிறகு, தானும் மறையப் போகும் நேரத்தில்தான் தெரிகிறது. நாம் பார்ப்பது பிறையின் வருகையை அல்ல, அது விடைபெறுவதை!

இந்த ஒரு விடையைப் புரிந்துகொண்டால் போதும். நிலாவின் மற்ற ரகசியங்கள் எல்லாம் தாமாகவே திறந்துகொள்ளும். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நிலாவின் இரண்டு பயணங்கள்

பூமி மேற்கிலிருந்து கிழக்காகத் தன்னைத்தானே சுற்றுகிறது. அதனால் சூரியன், நிலா, நட்சத்திரங்கள் எல்லாமே கிழக்கே தோன்றி மேற்கே மறைவதுபோல நமக்குத் தெரிகிறது. ஓடும் பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போது சாலையோர மரங்கள் பின்னோக்கி ஓடுவதுபோலத் தெரிகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். இது நிலாவின் தோற்றப் பயணம்.

நிலாவுக்கு உண்மையான பயணம் ஒன்றும் உண்டு. அது நம் பூமியைச் சுற்றி வருகிறது. பூமியிலிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில், வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிப் போகிறது. நிலாவின் குறுக்களவு 3,474 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் அது தன் அகலம் அளவுக்கு வானத்தில் நகர்ந்துவிடுகிறது!

நம்ப முடியவில்லையா? நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இன்று இரவு ஏழு மணிக்கு நிலாவுக்கு அருகில் உள்ள ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நாளை அதே நேரத்தில் பாருங்கள். நட்சத்திரம் கிட்டத்தட்ட அதே இடத்தில் இருக்கும். நிலா மட்டும் கிழக்குப் பக்கமாகத் தள்ளிப் போயிருக்கும். எவ்வளவு தூரம்? கையை நேராக நீட்டி விரல்களை மடக்குங்கள். அந்த முட்டியின் அகலம் வானத்தில் ஏறத்தாழ 10 பாகை. நிலா ஒரு நாளில் நகர்வது சுமார் 13 பாகை. அதாவது, ஒரு முட்டியும் இன்னும் கொஞ்சமும்.

நிலா இப்படிக் கிழக்கே தள்ளிப் போவதால், அதைக் காண பூமி மறுநாள் இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. எனவே நிலா ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது. தினமும் பள்ளிக்கு 50 நிமிடம் கூடுதலாகத் தாமதமாக வரும் மாணவனை நினைத்துக்கொள்ளுங்கள்!

இந்தக் கணக்கை மனத்தில் வையுங்கள். அமாவாசை அன்று நிலா சூரியனோடு சேர்ந்து காலை ஆறு மணியளவில் உதிக்கும். வளர்பிறை அஷ்டமியில் நண்பகலில் உதிக்கும். பௌர்ணமியில் மாலை ஆறு மணியளவில் உதிக்கும். தேய்பிறை அஷ்டமியில் நள்ளிரவில் உதிக்கும். அடுத்த அமாவாசையில் மீண்டும் சூரியனோடு சேர்ந்துகொள்ளும்.

இனி யாராவது, "மாலை மயங்கும் நேரம், கிழக்கே பிறை நிலா உதித்தது" என்று கதை எழுதினால் நீங்கள் தைரியமாகத் திருத்தலாம். மாலையில் கிழக்கே உதிப்பது முழு நிலாவாகத்தான் இருக்கும்.

பூமியின் நிழலா காரணம்?

நிலா ஏன் தேய்கிறது, வளர்கிறது? "பூமியின் நிழல் நிலாவில் விழுவதால்" என்று பலர் சொல்வார்கள். படித்த பெரியவர்கள்கூடச் சொல்வார்கள். அது தவறு.

எப்படி என்று கேளுங்கள். வளர்பிறை அஷ்டமி அன்று மாலை ஆறு மணிக்கு வெளியே வந்து பாருங்கள். சூரியன் மேற்கே மறைந்துகொண்டிருக்கும். அரை நிலா கிட்டத்தட்ட உச்சி வானில் இருக்கும். சூரியன் மேற்கே இருந்தால் பூமியின் நிழல் எந்தப் பக்கம் விழும்? கிழக்குப் பக்கம். உச்சியில் இருக்கும் நிலாவின் மேல் அந்த நிழல் எப்படி விழும்? விழ முடியாது அல்லவா?

உண்மை மிக எளிது. நிலாவுக்குச் சொந்த ஒளி இல்லை. சூரிய ஒளி பட்டு அதன் ஒரு பாதி எப்போதும் பிரகாசமாகவும், மறு பாதி எப்போதும் இருட்டாகவும் இருக்கிறது. நிலா நம்மைச் சுற்றி வரும்போது அந்த ஒளிப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியிருக்கிறதோ, அவ்வளவுதான் நமக்குத் தெரிகிறது.

செய்து பாருங்கள்

தேவையானவை: ஒரு ரப்பர் பந்து, மேஜை விளக்கு, இருட்டான அறை.

விளக்கை உங்கள் தலை உயரத்துக்கு வையுங்கள். பந்தைக் கையில் பிடித்து, தலையைவிடச் சற்று உயரமாக இருக்கும்படி கையை நீட்டுங்கள். விளக்குதான் சூரியன். பந்து நிலா. உங்கள் தலை பூமி.

விளக்கைப் பார்த்து நில்லுங்கள். பந்தின் உங்கள் பக்கம் இருட்டாக இருக்கும். இது அமாவாசை. அப்படியே இடப்பக்கமாகக் கால் சுற்று திரும்புங்கள். பந்தின் வலப் பாதி ஒளிரும். இது வளர்பிறை அஷ்டமி. இன்னும் கால் சுற்று திரும்புங்கள். விளக்கு முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டது. பந்து முழுவதும் ஒளிர்கிறது. பௌர்ணமி! மீண்டும் கால் சுற்று. இப்போது இடப் பாதி ஒளிர்கிறது. தேய்பிறை அஷ்டமி. இன்னும் கால் சுற்று திரும்பினால் மறுபடி அமாவாசை.

இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? பந்தின் ஒளிரும் பக்கம் எப்போதும் விளக்கைப் பார்த்தே இருந்தது. வானத்திலும் அப்படித்தான். பிறையின் வளைந்த முதுகு எப்போதும் சூரியன் இருக்கும் திசையைக் காட்டும். நம் ஊர் பூமியின் நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் மாலையில் சூரியன் பிறைக்கு நேர் கீழே இறங்குகிறது. அதனால்தான் நம் மூன்றாம் பிறை பெரும்பாலும் தோணிபோலப் படுத்துத் தெரிகிறது. இங்கிலாந்து போன்ற வடக்கு நாடுகளில் அது பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும்.

இன்னொன்று. படம் வரையும்போது சிலர் பிறையின் இரு கொம்புகளுக்கும் நடுவில் ஒரு நட்சத்திரத்தை வைத்துவிடுகிறார்கள். அந்த இடம் காலியாக இல்லை. நிலாவின் இருண்ட பகுதி அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் பிறை அன்று கூர்ந்து பாருங்கள். அந்த இருண்ட பகுதியும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். அது நம் பூமியில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளி. நிலாவுக்கு நாம் வீசும் நிலவொளி என்று சொல்லலாம்!

இருபத்தேழா, இருபத்தொன்பதரையா?

நிலா ஒரு நட்சத்திரத்திடமிருந்து புறப்பட்டு, வானத்தைச் சுற்றி அதே நட்சத்திரத்திடம் திரும்பி வர 27.3 நாள் ஆகிறது. நம் முன்னோர் நிலா போகும் பாதையை 27 பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள். அசுவினி, பரணி, கார்த்திகை என்று தொடங்கி ரேவதி வரை 27. நிலா ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு நட்சத்திரமாகக் கடந்து போகிறது. நாள்காட்டியில் 'இன்றைய நட்சத்திரம்' என்று போட்டிருப்பது நிலா தங்கியிருக்கும் இடத்தைத்தான்.

ஆனால் ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு 29.5 நாள் ஆகிறதே! ஏன் இந்த வேறுபாடு?

கடிகாரத்தைப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்குப் பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒன்றாக இருக்கின்றன. ஒரு மணி நேரத்தில் பெரிய முள் முழுச் சுற்று சுற்றி மீண்டும் 12-க்கு வந்துவிடும். ஆனால் சின்ன முள் அங்கே இருக்குமா? அது 1-க்கு நகர்ந்துவிட்டது. அதைப் பிடிக்கப் பெரிய முள் இன்னும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். அதேபோல, நிலா ஒரு சுற்று முடிப்பதற்குள் பூமி சூரியனைச் சுற்றும் தன் பாதையில் நகர்ந்துவிடுகிறது. எனவே மீண்டும் பௌர்ணமி ஆக, நிலா இன்னும் 2.2 நாள் ஓட வேண்டியிருக்கிறது.

இரண்டு நாள் கூடுதல் என்றால் இரண்டு நட்சத்திரம் கூடுதல். அப்படியானால் ஒவ்வொரு பௌர்ணமியும் முந்தையதைவிட இரண்டு நட்சத்திரம் தள்ளி வர வேண்டுமே? வருகிறதா பார்ப்போம். தைப்பூசம்: பூசம் 8-ஆவது நட்சத்திரம். மாசி மகம்: மகம் 10-ஆவது. பங்குனி உத்திரம்: உத்திரம் 12-ஆவது. சித்ரா பௌர்ணமி: சித்திரை 14-ஆவது. வைகாசி விசாகம்: விசாகம் 16-ஆவது. எட்டு, பத்து, பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு! நாம் கொண்டாடும் திருவிழாக்களின் பெயருக்குள்ளேயே நிலாக் கணக்கு ஒளிந்திருக்கிறது.

12 பௌர்ணமிகளில் 27 நட்சத்திரங்களையும் கடக்க வேண்டுமானால், சில சமயம் மூன்றாகவும் தாண்ட வேண்டும். திருக்கார்த்திகை 3-ஆவது, மார்கழித் திருவாதிரை 6-ஆவது. பார்த்தீர்களா? நாள் கணக்கில் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். கணக்கின் அடிப்படை மாறாது.

மாதந்தோறும் கிரகணம் ஏன் இல்லை?

சூரியனுக்கும் பூமிக்கும் இடையில் நிலா வந்து சூரியனை மறைத்தால் அது சூரிய கிரகணம். அமாவாசையில் மட்டுமே நிகழும். பூமியின் நிழலுக்குள் நிலா புகுந்தால் அது சந்திர கிரகணம். பௌர்ணமியில் மட்டுமே நிகழும். அப்படியானால் எல்லா அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கிரகணம் வர வேண்டுமே?

மீண்டும் பந்தை எடுங்கள். பந்தைத் தலையைவிட உயரமாகப் பிடித்தபோது எந்தக் கிரகணமும் வரவில்லை. இப்போது அதைச் சரியாகத் தலை உயரத்துக்கு இறக்குங்கள். விளக்கைப் பார்த்து நின்றால் பந்து விளக்கை மறைக்கும். விளக்குக்கு முதுகு காட்டினால் உங்கள் தலையின் நிழல் பந்தில் விழும். உயரம் பொருந்தினால்தான் கிரகணம்!

நிலா செல்லும் பாதை, பூமியின் பாதைத் தளத்துக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் பெரும்பாலான மாதங்களில் நிலா சூரியனுக்குச் சற்று மேலாகவோ கீழாகவோ கடந்துவிடுகிறது. இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டே இரண்டு. அவற்றுக்கு அருகில் அமாவாசையோ பௌர்ணமியோ நேர்ந்தால்தான் கிரகணம். பஞ்சாங்கக் கணக்கில் ராகு, கேது என்று சொல்லப்படுபவை இந்த இரு வெட்டுப் புள்ளிகள்தாம். பாம்பு விழுங்குவது கதை, புள்ளிகள் கணக்கு. நிலா சூரியனை மறைக்கிறது, பூமியின் நிழல் நிலாவை மறைக்கிறது என்று ஆரியபட்டர் கி.பி. 499-இலேயே எழுதிவிட்டார்.

சிவந்த நிலாவும் நெருப்பு வளையமும்

2025 செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம் ஏற்பட்டது. இரவு 11 மணி முதல் 12.22 மணி வரை, 82 நிமிடம், நிலா முழுவதும் பூமியின் நிழலுக்குள் இருந்தது. அப்போது நிலா காணாமல் போகவில்லை; செம்பு நிறத்தில் தெரிந்தது. காரணம் என்ன? பூமியைச் சுற்றியுள்ள காற்று மண்டலம் நீல ஒளியைச் சிதறடித்துவிட்டு, செந்நிற ஒளியை மட்டும் வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது. அந்த நேரத்தில் நிலாவில் ஒருவர் நின்று பார்த்தால், பூமியைச் சுற்றி எல்லா ஊர்களின் சூரிய உதயமும் மறைவும் ஒரே செந்நிற வளையமாகத் தெரியும்!

சந்திர கிரகணத்தில் நிலாவின் மேல் விழும் நிழலின் விளிம்பு எப்போதும் வளைவாகவே இருக்கிறது. பூமி உருண்டை என்பதற்கு இதையும் ஒரு சான்றாக 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் காட்டினார்.

சூரிய கிரகணத்தில் ஒரு வியப்பு உண்டு. சூரியனின் குறுக்களவு நிலாவின் குறுக்களவைப்போல சுமார் 400 மடங்கு. சூரியன் இருக்கும் தொலைவும் நிலாவின் தொலைவைப்போல சுமார் 400 மடங்கு. அதனால் இரண்டும் நமக்கு ஒரே அளவாகத் தெரிகின்றன. சின்ன நிலா பெரிய சூரியனை மறைத்துவிடுகிறது. ஆனால் நிலாவின் பாதை சரியான வட்டம் அல்ல. அது தொலைவில் இருக்கும்போது கிரகணம் வந்தால் சூரியனை முழுவதும் மறைக்க முடியாது. ஓரம் வளையமாகத் தெரியும். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரி, ராமேஸ்வரம் பகுதிகளிலும், 2019 டிசம்பர் 26 அன்று கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல் பகுதிகளிலும் இந்த நெருப்பு வளையம் தெரிந்தது.

கிரகணம் அறிவியலுக்குப் பரிசும் தந்திருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் வந்து, சூரியனின் விளிம்பில் எழும் தீப்பிழம்புகளின் ஒளியைப் பிரித்து ஆராய்ந்தார். அந்த ஆண்டு சூரிய ஒளியில் கண்ட ஒரு மஞ்சள் கோடு, அறிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. இங்கிலாந்து அறிஞர் லாக்கியர், அது புதிய தனிமம் என்றார். அதுதான் ஹீலியம். பூமியில் அது 1895-இல்தான் கண்டறியப்பட்டது.

தெரிந்தவரும் தெரியாதவரும்

கடலோடி கொலம்பஸ் 1503-இல் கப்பல்கள் பழுதாகி ஜமைக்கா தீவில் மாட்டிக்கொண்டார். தீவு மக்கள் பல மாதம் உணவு கொடுத்தார்கள். மாலுமிகள் அவர்களிடம் கொள்ளையடித்துத் தொல்லை தந்ததும் உணவை நிறுத்திவிட்டார்கள். கொலம்பஸிடம் ஒரு வானியல் பஞ்சாங்கம் இருந்தது. 1504 பிப்ரவரி 29 அன்று சந்திர கிரகணம் என்று அதில் கண்டார். தீவின் தலைவர்களை அழைத்து, "உங்கள் மேல் கடவுளுக்குக் கோபம். இன்று நிலா நிறம் மாறும், பாருங்கள்" என்றார். சொன்னபடியே நிலா சிவந்தது. அந்த மக்கள் நடுநடுங்கி உணவைக் கொண்டுவந்து குவித்தார்கள்.

கொலம்பஸ் கெட்டிக்காரர் என்று கைதட்டுவதற்காக இதை நான் சொல்லவில்லை. அந்த மக்களின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அவர்கள் முட்டாள்கள் அல்லர். அவர்களுக்கு அந்த ஒரு கணக்கு தெரியவில்லை, அவ்வளவுதான். தெரியாத ஒன்றை வைத்து நம்மை யாரும் பயமுறுத்தலாம். தெரிந்துகொண்டால் பயமுறுத்த முடியாது. படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால், இதையும் ஒரு காரணமாகச் சொல்லுங்கள்.

எதற்குப் பயப்பட வேண்டும்? எதற்கு வேண்டாம்?

சந்திர கிரகணத்தை வெறும் கண்ணால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். கிரகண நேரத்தில் சாப்பாடு கெட்டுப்போவதில்லை. கிரகணத்தின்போது உலக்கை தானாக நிற்கும் என்பார்கள். அடிப்பக்கம் தட்டையான உலக்கை எந்த நாளும் நிற்கும். நாளைக்கே நிறுத்திப் பாருங்கள்.

ஆனால் சூரியனை வெறும் கண்ணால் பார்க்கவே கூடாது. இது மூடநம்பிக்கை அல்ல, மருத்துவ உண்மை. கண்ணின் விழித்திரைக்கு வலி தெரியாது. அது வெந்துபோனாலும் அந்த நேரத்தில் நமக்கு எதுவும் தெரியாது. பிறகு பார்வை திரும்பாமலே போகலாம். எக்ஸ்ரே பிலிம், புகை படிந்த கண்ணாடி, கறுப்புக் கண்ணாடி, தாம்பாளத்தில் மஞ்சள் நீர் இவை எதுவும் பாதுகாப்பு அல்ல. ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் கொண்ட, கீறல் இல்லாத கிரகணக் கண்ணாடி அணிந்து பார்க்கலாம்.

அதைவிட எளிய வழி உண்டு. ஓர் அட்டையில் குண்டூசியால் துளை போடுங்கள். சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, துளை வழியாக வரும் ஒளியை வெள்ளைத் தாளில் விழச் செய்யுங்கள். சூரியனின் உருவம் சிறிதாகத் தாளில் தெரியும். கிரகண நேரத்தில் வேப்பமர நிழலையும் பாருங்கள். இலை இடுக்குகள் ஒவ்வொன்றும் ஒரு துளைதான். தரை முழுக்க குட்டிக் குட்டிப் பிறைகள் சிதறிக் கிடக்கும்!

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். அமாவாசைக்கு மறுநாள் தொடங்கி 30 நாள், நிலாவைப் பார்த்த நேரம், திசை, வடிவம் மூன்றையும் குறியுங்கள். வளர்பிறையில் மாலையிலும், தேய்பிறையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் காலையிலும் தேடுங்கள். மேகம் மறைத்தால் 'மேகம்' என்று எழுதுங்கள்; பார்க்காததைப் பார்த்ததாக எழுதக் கூடாது. அதுதான் அறிவியலின் முதல் ஒழுக்கம். முப்பது நாளும் முடிந்ததும், "தேய்பிறைக் காலத்தில் நிலாவைக் காலையில் எந்தத் திசையில் பார்த்தேன்? ஏன்?" என்ற கேள்விக்கு உங்கள் குறிப்பிலிருந்தே விடை எழுதுங்கள்.

இரண்டு தேதிகளையும் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். 2028 டிசம்பர் 31, இரவு பத்து மணியளவில் முழுச் சந்திர கிரகணம். 2031 மே 21, தென் தமிழகத்தின் வழியாகவே செல்லும் வளையச் சூரிய கிரகணம். அன்று உங்கள் தெருவில் யாராவது பயந்து கதவைச் சாத்தினால், ஒரு பந்தையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு போய் அவர்களுக்கு விளக்குங்கள். ஆசிரியர் நீங்கள்தான்!